எறிந்துவிட்ட ஈவுகள்: பொதுக் காரணி பற்றியும் பஞ்சாங்கம் பற்றியும்

என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை 84, 132 ஆகிய இரு எண்களுடன் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டையும் மீதியின்றி வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணைக் காணவேண்டும். ஊரில் நாம் 'பொதுக் காரணிகளுட் பெரியது' என்று படித்து, பொ.கா.பெ. என்று சுருக்கி எழுதியது இதைத்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மீப்பெரு பொதுக் காரணி' என்கின்றன. அவள் 84இன் காரணிகளை ஒரு வரியிலும் 132இன் காரணிகளை மறுவரியிலும் எழுதி, இரண்டிலும் உள்ளவற்றுள் பெரியதாகிய 12ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். விடை சரி.

நான் சும்மா இருந்திருக்கலாம். 8633, 8051 என்று வேறு இரண்டு எண்களைக் கொடுத்தேன். விரிவுரை மண்டபத்தை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் இந்தக் கெட்ட பழக்கம் போவதில்லை. அரை மணித்தியாலம் கழித்து ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு வந்து, "ரெண்டுக்கும் பொதுவா ஒண்டுமே இல்லை அப்பா, 1 மட்டும்தான்" என்றாள். விடை 97.

காரணிகளைப் பட்டியலிடும் முறை சிறிய எண்களுக்கு மட்டுமே உதவும். எண் வளர வளர அது ஒரு தண்டனையாகிவிடும். ஆனால் காரணி எதையும் தேடாமலே பொ.கா.பெ.யைக் காணும் ஒரு வழி உண்டு. பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். பின்னர் சிறியதை மீதியால் வகுக்க வேண்டும். அந்த மீதியை அடுத்த மீதியால் வகுக்க வேண்டும். மீதி அற்றுப்போகும்வரை இப்படியே. 8633ஐ 8051ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 582. 8051ஐ 582ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 485. 582ஐ 485ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 97. 485ஐ 97ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி இல்லை. கடைசியாக வகுத்த 97தான் விடை. நான்கே நான்கு வகுத்தல்.

ஏன் இது சரியாக வருகிறது? இரண்டு எண்களையும் வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். ஆகவே மீதியையும் வகுக்கும். பெரிய சோடியின் பொதுக் காரணிகள் எல்லாம் சிறிய சோடிக்கும் அப்படியே கைமாறுகின்றன, ஒன்று கூடுவதுமில்லை, ஒன்று குறைவதுமில்லை. எண்கள்தான் சுருங்கிக்கொண்டு போகின்றன. கணக்கென்றால் பக்கத்தைப் புரட்டிவிடும் நண்பர்கள் இந்தப் பந்தியை மட்டும் இரண்டு தரம் படித்துவிட்டால் போதும். இனி வருவது எல்லாம் இதன் விரிவே.

இந்த வழி யாருடையது? கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தமது ஏழாம் புத்தகத்தில் இதை நிறுவினார். சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலில், பின்னங்களைச் சுருக்குவதற்காக, ஒன்றிலிருந்து ஒன்றை மாறிமாறிக் கழிக்கும் வடிவில் இது இருக்கிறது. எமது பக்கத்தில் 499இல் ஆரியபட்டர் இதைக் கையாளுகிறார். அவர் தேடியது பொ.கா.பெ. அல்ல. ஓர் எண்ணால் வகுத்தால் இன்ன மீதி, இன்னோர் எண்ணால் வகுத்தால் இன்ன மீதி, அந்த எண் யாது என்பதே அவரது கேள்வி. அந்த முறைக்குக் குட்டகம் என்று பெயர். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்களை மாறிமாறி வகுத்துப் பொடியாக்குகிறோம் அல்லவா? அதனாற்றான்.

பள்ளிக்கூடத்து முறைக்கும் குட்டகத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. நாம் 8633இன் கணக்கைச் செய்தபோது 1, 13, 1, 5 என்று நான்கு ஈவுகள் வந்தன. விடை கிடைத்ததும் அவற்றை எறிந்துவிட்டோம். எமக்கு வேண்டியது கடைசி மீதி. குட்டகம் செய்பவர்கள் மீதிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்த நிரலுக்கு வல்லி, அதாவது கொடி, என்று பெயர்.

கொடியால் என்ன பயன் என்பதை விளக்க, நான் இப்போது வேலை செய்யும் இடத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். எமது பொதிசெய்யும் இயந்திரத்தில் ஒரு சிறிய பற்சில்லு பெரிய ஒன்றைச் சுழற்றுகிறது. சிறியதில் 17 பற்கள், பெரியதில் 52 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொ.கா.பெ. 1. ஆகவே சிறியதின் ஒவ்வொரு பல்லும் பெரியதின் ஐம்பத்திரண்டு பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். 884 பற்கள் கடந்த பிறகே முதற் சோடி மீண்டும் சேரும். தேய்வு எல்லாவற்றுக்கும் பகிரப்படும். 17க்குப் பதில் 16 போட்டால் பொ.கா.பெ. 4 ஆகிவிடும், ஒரு பல் எப்போதும் அதே 13 பற்களையே சந்தித்துக்கொண்டிருக்கும், ஒரு பல் பழுதானால் அது அந்தப் பதின்மூன்றையும் தின்னும். பற்சில்லு செய்பவர்கள் பொதுக் காரணி இல்லாதபடி பற்களை எண்ணி வைப்பது இதனால்.

வானமும் இப்படி ஒன்றோடொன்று பல் பொருந்தாத சில்லுகளால் ஆனது. நாள் ஒரு சுற்று; சந்திரன் மெதுவாக ஓடும் இடத்திலிருந்து மீண்டும் அந்த மெதுவான இடத்துக்கு வருவது இன்னொரு சுற்று. பின்னதை இங்கே மந்தச் சுற்று என்று அழைக்கிறேன். ஒரு மந்தச் சுற்று இருபத்தேழரை நாளுக்குச் சற்றுக் கூட. பஞ்சாங்கம் கணிப்பவருக்கு இதில் ஒரு பெரிய தேவை இருக்கிறது. முழு நாட்களின் ஏதோவொரு தொகை, முழு மந்தச் சுற்றுக்களின் ஏதோவொரு தொகைக்குச் சமமானால், அந்தக் காலத்துக்கு மட்டும் சந்திரனின் இருப்பை நாள்தோறும் கணித்து ஓர் அட்டவணை போட்டுவிடலாம். பிறகு அதையே திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

ஆரியபட்டர் தரும் எண்களை எடுப்போம். ஒரு மகாயுகத்தில் 1577917500 நாட்கள். அதே காலத்தில் சந்திரனின் சுற்று 57753336, அதன் உச்சத்தின் சுற்று 488219. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மந்தச் சுற்றுக்கள் 57265117. இப்போது 1577917500க்கும் 57265117க்கும் பொ.கா.பெ. என்ன? மகளின் வீட்டுவேலையில் செய்ததையே செய்கிறோம். நீண்ட வேலை, முடிவில் வரும் விடை 1.

அதாவது மகாயுகம் முழுவதும் முடிந்தாலொழிய இந்த இரண்டு சில்லுகளும் முதற் பல்லில் மீண்டும் சேரமாட்டா. இந்த 1ஐ வைத்துக்கொண்டு யாரும் ஒரு திதியைக்கூடக் கணிக்க முடியாது. ஆனால் வழியில் வந்த ஈவுகளைப் பாருங்கள்: 27, 1, 1, 4, 12 என்று கொடி இறங்குகிறது. இந்த ஈவுகளிலிருந்து புதிய எண்களைக் கட்டலாம். ஈவை முந்திய எண்ணால் பெருக்கி, அதற்கும் முந்திய எண்ணைக் கூட்டுவது, இவ்வளவுதான். நாட்களின் வரிசை 1, 27 என்று தொடங்குகிறது. சுற்றுக்களின் வரிசை 0, 1 என்று தொடங்குகிறது. அடுத்த ஈவு 1: நாட்கள் 28, சுற்று 1. அடுத்ததும் 1: நாட்கள் 55, சுற்று 2. அடுத்தது 4: நாட்கள் 4×55+28 = 248, சுற்று 4×2+1 = 9. அடுத்தது 12: நாட்கள் 12×248+55 = 3031, சுற்று 12×9+2 = 110.

248 என்ற எண்ணைக் கண்டதும் எமது ஊர்ப் பஞ்சாங்கக்காரர் எவரும் தலை நிமிர்ந்திருப்பார். வாக்கிய பஞ்சாங்கத்தின் வாக்கியங்கள் 248. வரருசி செய்தவை என்பது மரபு. ஒவ்வொன்றும் ஒரு சிறு சொற்றொடர். எழுத்துக்கு ஓர் இலக்கம் என்ற கடபயாதி முறையில் அந்த நாளின் சந்திர இருப்பு அதற்குள் பொதிந்திருக்கிறது. 248 என்ற எண்ணுக்கே 'தேவரம்' என்று ஒரு சொல் உண்டு: தே 8, வ 4, ர 2, வலமிருந்து வாசிக்க 248. இன்றைய அளவீட்டின்படி ஒன்பது மந்தச் சுற்றுக்கும் 248 நாளுக்கும் வித்தியாசம் 13 நிமிடம். 110 சுற்றுக்கும் 3031 நாளுக்கும் வித்தியாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

பாவிக்கும் விதமும் அழகானது. கலியுகம் தொடங்கி இன்றுவரை சென்ற நாட்களிலிருந்து 1600984ஐக் கழிப்பார்கள். அது 1282இல் வரும் ஒரு தொடக்க நாள். மிஞ்சியதை 12372ஆல் வகுத்து, மீதியை 3031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுத்தால் கடைசி மீதி எத்தனையாவது வாக்கியம் என்பதைச் சொல்லும். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது சென்ற கலிநாள் 1863079. கழித்தால் 262095. 12372ஆல் வகுக்க மீதி 2283. அதில் 3031 அடங்காது. 248ஆல் வகுக்க ஈவு 9, மீதி 51. ஐம்பத்தோராம் வாக்கியத்தை எடுத்து, அதனுடன் வகுத்தல்களின் ஈவுகளுக்குரிய கூட்டுத் தொகைகளைச் சேர்க்க வேண்டும். காகிதம்கூட வேண்டாம்.

உண்மையாகவே காகிதம் இல்லாமல் செய்தார்கள். 1825இல் சென்னையில் 'காலசங்கலித' என்ற நூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனமாயிருந்த அட்டவணைகளைக் கொண்டு, அந்த வருடம் மே 31க்கும் யூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. அந்த மனிதருக்கு எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பற்றி எதுவும் தெரியாது என்றும் வாரன் குறிப்பிடுகிறார். இதைப் படிக்கும் ஒருவர் பெருமைப்படலாம், இன்னொருவர் வெட்கப்படலாம். எனக்கு இரண்டும் ஒருங்கே வந்தது.

இனி எமது சண்டைக்கு வருகிறேன். ஸ்காபரோவில் நாலு பேர் கூடி மரபு பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு குரல்கள் தவறாமல் எழும். எல்லாம் எம்மவர் முன்னரே கண்டதுதான் என்பது ஒன்று. எல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்பது மற்றது. மேலே சொன்ன எண்கள் இரண்டு குரல்களுக்கும் இடைஞ்சலானவை.

முதற் குரலுக்கு: வானியல் வரலாற்றாசிரியர் ஒட்டோ நொய்கெபவர் 1952இல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். 248 நாளுக்கு 9 சுற்று என்ற சமன்பாடு பபிலோனிய வானியலாருக்குத் தெரிந்திருந்தது. 3031உம் தனியாக நிற்கவில்லை: மான்செஸ்டரில் உள்ள ரைலண்ட்ஸ் தொகுப்பின் 27ஆம் இலக்க பப்பைரஸ், ரோமர் ஆண்ட எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் 248, 3031 இரண்டும் இருக்கின்றன. கிரேக்கர் வழியாக எண்கள் இந்தியாவுக்கு வந்திருக்க நல்ல இடமுண்டு. இரண்டாம் குரலுக்கு: இந்த எண்கள் எந்த வேதாந்தத்திலிருந்தும் வரவில்லை, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வகுத்தலிலிருந்து வருகின்றன. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கக்கூடிய ஒன்றை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

யாழ்ப்பாணத்திலும் இந்தச் சண்டை பழையது. 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணம் பற்றி வண்ணார்பண்ணை விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்னதில் பிழை இருக்கிறது என்று வட்டுக்கோட்டை செமினரியின் டானியல் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு வானம் பூவர் பக்கம் நின்றது. அந்த நிகழ்வை மிஷன் தரப்பினர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்ரன் 1848இல் இந்து வானியல் முறையை மொழிபெயர்ப்புடனும் விளக்கங்களுடனும் ஒரு பெரிய நூலாக யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். எதிரியின் கணக்கை உட்கார்ந்து செய்து பார்க்கும் பொறுமை அந்த வெள்ளைக்காரருக்கு இருந்தது. எம்மில் எத்தனை பேருக்கு எமது கணக்கையே செய்து பார்க்கும் பொறுமை இருந்தது?

இங்கே வருடம் பிறந்ததும் தமிழ்க் கடைகளில் கலண்டர்கள் கிடைக்கின்றன. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். விரத நாள் மாறும்போது தொலைபேசிகள் ஓயமாட்டா. யார் சொல்வது சரி என்று கேட்கிறார்களே ஒழிய, ஏன் மாறுகிறது என்று கேட்பவரை நான் காணவில்லை. காரணம் மறைபொருள் அல்ல. வாக்கியம் சந்திரனின் ஓட்டத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுகளில் ஒன்றை மட்டுமே, மந்தச் சுற்றோடு சேர்ந்ததை மட்டுமே, எடுத்துக்கொள்கிறது. சூரியனின் இழுப்பால் வரும் அடுத்த பெரிய ஏற்றத்தாழ்வு அதில் இல்லை. அமாவாசையையும் பூரணையையும் அண்டி இதன் பாதிப்புக் குறைவு. அட்டமியை அண்டி அது சில மணித்தியாலங்களாகிவிடும். கிரகணத்தை ஓரளவு சரியாகச் சொன்ன அட்டவணை அட்டமியில் தடுமாறுவது இதனால்.

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபின் 248ஐயும் 3031ஐயும் அவளே கட்டினாள். "அடுத்தது 12372 வரவேணும்" என்று நான் பெருமையோடு காத்திருந்தேன். அவள் தாளை நீட்டினாள். அதில் 3279 இருந்தது.

பிழை அவளுடையதல்ல. ஆரியபட்டரின் எண்களை வகுத்தால் 12க்கு அடுத்த ஈவு 1; 3031+248 = 3279தான். 12372 வேண்டுமென்றால் அந்த ஈவு 4 ஆக வேண்டும்: 4×3031+248 = 12372. நான் இரண்டு இரவு வேலையின் இடைவேளைகளில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மரபில் உள்ள எண் மரபில் உள்ள அடிப்படையிலிருந்து வரவில்லையே! பிறகுதான் உறைத்தது. கேரளத்தில் ஹரிதத்தர் 683இல் தொடக்கிவைத்ததாகச் சொல்லப்படும் பரகித முறையார் ஆரியபட்டரின் எண்களை அப்படியே வைத்திருக்கவில்லை. சந்திரனுக்கும் அதன் உச்சத்துக்கும் ஒவ்வொரு சிறு திருத்தம் சேர்த்தார்கள்: சக ஆண்டு 444க்குப் பின் வருடமொன்றுக்குச் சந்திரனில் 9/85 கலையும் உச்சத்தில் 65/134 கலையும் குறைப்பது. அந்தத் திருத்தத்தோடு மீண்டும் வகுத்தேன். 27, 1, 1, 4, 12, 4, அதற்கடுத்து 15 என்று கொடி இறங்கியது. 12372 வந்தது. அடுத்த ஈவுக்கு 15×12372+3031 = 188611 வந்தது; சங்கமகிராமத்து மாதவர் தமது வேண்வாரோகத்தில் பாவித்த எண் அதுவே, 6845 சுற்றுக்கு.

ஆகவே 248உம் 3031உம் எங்கிருந்து வந்தனவோ, 12372 கடன் வாங்கிய பண்டம் என்று எனக்குப் படவில்லை. யாரோ வானத்தைப் பார்த்து, பழைய எண் பொருந்தவில்லை என்று கண்டு, அடிப்படையைத் திருத்தி, வகுத்தலை முதலிலிருந்து மறுபடி செய்திருக்கிறார்கள். ஆரியபட்டரின் பிழை அந்தத் திருத்தத்தால் மூன்றிலொன்றுக்கும் கீழே குறைந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுட் பலர் 12372ஐ மனனம் செய்தார்கள்.

"அப்ப இப்பவும் திருத்தலாம்தானே?" என்று மகள் கேட்டாள். இன்றைய அளவீட்டின்படி மந்தச் சுற்று 27.55455 நாள். அதைக் கொண்டு வகுக்கச் சொன்னேன். 27, 1, 1, 4, 12 வரை மாற்றமில்லை. அதற்கடுத்து 4க்குப் பதில் 18 வந்தது. 18×3031+248 என்று பெருக்கிக் கூட்டி, 54806 நாள், 1989 சுற்று என்று தாளின் அடியில் எழுதினாள். ஏறத்தாழ 150 வருடம். நான் பார்த்த எந்தப் பஞ்சாங்கத்திலும் அந்த எண் இல்லை.